பிஸ்டலுக்கு நான் போட்ட எண்ணெய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ விட்பியில் இருக்கிற உன் வீட்டிலிருந்து அப்பாவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, அவர் பாதியிலேயே ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டார். "என்னம்மா, அப்பாவுக்கு இப்பவும் என்னோட கதைக்க விருப்பமில்லையோ?" என்று நீ கேட்டாய். அடுப்பில் ஏதோ கிடக்கிறதாம் என்று சொல்லி நான் சமாளித்தேன். உன் அப்பா அடுப்படியைப் பார்த்துக் கொதி வந்ததா என்று கவலைப்படுகிற ஆளா என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ டக்கென்று ரிசீவரை வைத்துவிட்டாய். அந்தச் சத்தம் எனக்கு இரண்டு நாளாகக் காதிலேயே நிற்கிறது. அதனால்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

உங்கள் கராஜை யாரோ உடைத்துவிட்டார்கள், மருமகள் வயிற்றில் பிள்ளையோடு மேல்மாடியில் தனியாக இருந்தாள் என்று கேட்டதும் எங்களுக்கும் பயம்தான். நீ நைட் ஷிப்டில் நிற்கும்போது அவளுக்கு எப்படி நித்திரை வரும்? இதெல்லாம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அதற்கு அடுத்ததாக நீ அப்பாவிடம் ஒன்று சொன்னாயாம். "ஒரு பிஸ்டல் வேண்டப் போறன் அப்பா. லைசென்ஸ் எடுத்து முறையாத்தான். பக்கத்தில ஒரு சாமான் கிடந்தா பயமில்லாமல் படுக்கலாம்." அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டுத்தான் அவர் எழுந்து போனார். சொல்லுக்குச் சொல் அதே வசனத்தை அவரும் ஒரு நாள் என்னிடம் சொன்னவர், நீ பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில். பல்கனியில் விறைத்துப்போய் நின்றுவிட்டு உள்ளே வந்தவர், "இஞ்சரும், அவனுக்குச் சொல்லும். எல்லாத்தையும் சொல்லும். என்ர வாயால சொல்ல ஏலாது" என்றார். ஆகவே இது அவருடைய சம்மதத்தோடு எழுதுகிற கடிதம். நீ பல தடவை என்னிடம் கேட்டு, ஒவ்வொரு தடவையும் நான் வேறு வேறு பொய் சொன்ன கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. அப்பா ஏன் அன்று பனிக்குள் வைத்து உனக்கு அறைந்தார் என்ற கேள்வி. நல்லபடியாக முடிந்த கதைதான், பயப்படாமல் வாசி.

அப்பா பகலில் தளபாடத் தொழிற்சாலையிலும், பின்னேரங்களில் வெக்ஸ்போர்டில் எங்கள் கட்டிடத்துக்குப் பின்பக்கம் இருந்த மூலைக்கடையிலும் வேலை செய்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கடைக்குள் முகம் தெரியாமல் கறுப்புக் கம்பளித் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு பேர் வந்து, கல்லாப்பெட்டியைத் துடைத்துக்கொண்டு போனதும் தெரியும். உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. இரும்புக்கம்பியால் அவருடைய தோளில் ஒரு அடி விழுந்தது. அந்தக் கண்டல் காயம் இரண்டு கிழமையில் மாறிவிட்டது. பயம் மாறவில்லை. ஊரில் ஆமிக்காரனின் துவக்குக்கு முன்னால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற மனிதன், குண்டு விழுந்தபோது உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பங்கருக்குள் குதித்த மனிதன், இங்கே லிஃப்ட் கதவு திறக்கிற சத்தத்துக்குத் திடுக்கிட்டார். கடையை விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னேன். "விட்டால் வாடகைக்கு என்ன செய்யிறது?" என்றார். அப்போதுதான் அந்த வசனத்தையும் சொன்னார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு சாமான் தேவை என்றால் கடைக்கா போவோம்? தெரிந்த ஒருவரைப் பிடிப்போம். ரெக்ஸ்டேலில் ஒரு அண்ணை இருந்தார், பெயர் இப்போது வேண்டாம். டிவி, டெக், பனிக்கால டயர், எது கேட்டாலும் "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியனிட்ட கிடக்கு" என்பார். இரண்டாம் கை என்று சொல்லித்தான் தருவார், பார்த்தால் நாலாம் கை, ஐந்தாம் கை கடந்து வந்ததாக இருக்கும். அவர் தந்த வீடியோ டெக் உன் ஒன்றுவிட்ட அக்காவின் சாமத்தியச் சடங்குக் கசெற்றை எப்படி மென்று துப்பியது என்று மறந்திருக்க மாட்டாய். அதே ஆளிடம்தான் உன் அப்பா பிஸ்டலுக்கும் போனார். இது சட்டப்படி வைத்திருக்கவே கூடாத சாமான், பிடிபட்டால் அகதி வழக்கும் போய் நாங்களும் போவோம் என்று நான் கத்தினேன். "பிடிபட்டாத்தானே" என்றார் அவர். பயந்த மனிதனுக்குக் காது கேட்காது தம்பி.

அண்ணை அதைக் கொண்டுவந்த விதத்தைக் கேள். ஒரு பை நிறைய வறுத்த அரிசிமா. அதற்குள் புதைத்து, வாயைக் கட்டி, "தங்கச்சி, என்ர மனுசி திரிச்ச மா. புட்டுக்கு நல்லாயிருக்கும்" என்று என் கையில் தந்தார். பொலிஸ் மறித்தாலும் மாவுக்குள் கைவிட மாட்டான் என்பது அவருடைய மூளை. அவர் போனபின் அப்பா அதைக் குசினி மேசையில் கவிழ்த்தார். மாவுக்குள்ளிருந்து அது மெல்ல மெல்ல வெளியே வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் அந்த மாவை எறியவில்லை, அரித்து எடுத்துவைத்தேன். ஏன் முறைக்கிறாய், நல்ல மா. அந்தக் கிழமை நீயும் இரண்டு நீத்துப்பெட்டி புட்டுச் சாப்பிட்டாய்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் அண்ணையும் விட்பியையும் தாண்டி எங்கேயோ ஒரு வெறும் தோட்டக்காணிக்குப் போய் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். நீ இப்போது வீடு கட்டி இருக்கிற பக்கம்தான், அப்போது அங்கே சோளம் மட்டும்தான். முதல் வெடி போனதாம். இரண்டாவதுக்கு, சுட்ட சன்னத்தின் வெறுங்கோது வெளியே வராமல் குறுக்கே சிக்கிக்கொண்டதாம். அதை இழுத்து எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால், சன்னங்கள் இருக்கிற பெட்டி அடியால் கழன்று காலில் விழுந்ததாம். பிறகு விசையை அமத்தினால் சில நேரம் வெடித்தது, சில நேரம் பேசாமல் இருந்தது. "தம்பி, உது புது ஆளின்ர கையெண்டபடியால் கூச்சப்படுது. எண்ணெய் போட்டால் எல்லாம் சரிவரும்" என்றாராம் அண்ணை. மாப்பிள்ளை பேசுகிற தரகர் மாதிரி ஒரு வாய் அந்த மனிதனுக்கு. வீட்டுக்கு வந்த அப்பா அன்றிலிருந்து அதோடு மல்லுக்கட்டினார். கதவைப் பூட்டிக்கொண்டு பழைய பல்துலக்கியால் மாவைத் தட்டுவார், ஊதுவார், இழுத்து இழுத்துப் பார்ப்பார். பயத்தைப் போக்க வாங்கின சாமான், அது வேலை செய்யுமோ செய்யாதோ என்று இன்னொரு பயத்தைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தது. இரவில் படுத்துக்கிடந்து, "நேரம் வரேக்க இது வெடிக்காட்டில்?" என்று கேட்பார். வெடிக்காவிட்டால் என்ன நல்லது நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது யோசனை ஓடவில்லை.

அந்தக் காலத்தில் நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து, தொழிற்சாலைக்காரன் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிற சட்டைகளுக்குக் கைபொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அப்பா இரண்டு வேலைகளை என்னிடம் தந்தார். ஒன்று, அவருடைய பனிக்காலச் சட்டையின் வலப்பக்கப் பொக்கற்றின் அடியை வெட்டி, உள்ளுக்கு இன்னொரு ஆழமான பொக்கற் தைத்துக் கொடுப்பது. வெளியே பார்க்கிறவனுக்குக் குளிருக்குக் கை வைத்திருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே கை பிஸ்டலைப் பிடித்திருக்கும். திட்டிக்கொண்டே தைத்தேன். திட்டிக்கொண்டு தைத்தாலும் என் கை பிழையாகத் தைக்காது, இரட்டை நூல் போட்டேன். இரண்டாவது வேலை, எண்ணெய். "உம்மட மெஷின் எண்ணெய் கிடக்கே? இதுக்கும் கொஞ்சம் போட்டு விடும், உமக்குத்தான் கை பக்குவம்" என்றார். மெஷின் எண்ணெய் முடிந்துபோயிருந்தது. ஊரில் எங்கள் வீட்டு மெஷினுக்கு நான் ஒருநாளும் கடை எண்ணெய் போட்டதில்லை. தேங்காயெண்ணெய்தான். இருபது வருடம் சத்தமில்லாமல் ஓடின மெஷின் அது. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்து, சன்னங்களைக் கழற்றித் தரச் சொல்லிவிட்டு, கோழி இறகைத் தோய்த்து ஓட்டை ஒடுக்கமெல்லாம் தாராளமாகப் பூசினேன். அதுவரை கரகரத்தது, அதன்பிறகு வழுக்கிக்கொண்டு போய்வந்தது. ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் என்ன குறை? அப்பாவின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "உம்மட கை பட்டவுடன வழிக்கு வந்திட்டுது பாரும்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து அதைக் காலையிலிருந்தே சட்டைக்குள் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கும் கடைக்கும் போனார்.

இனி அந்த நாள். தை மாதம், காற்று ஊசியாய்க் குத்திய ஒரு பின்னேரம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இருமிக்கொண்டு நின்றாய். தொழிற்சாலையிலிருந்து வந்த அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் மறந்துவிட்டுக் கடைக்கு இறங்கினார். "ஓடிப்போய்க் குடுத்திட்டு வா அப்பன், இன்னும் பார்க்கிங்கிலதான் நிப்பார்" என்று உன்னை அனுப்பியது நான்தான். போகிற பிள்ளையை வாசலில் மறித்து, "உந்தக் காத்துக்கு ஒரு இடமும் தெரியக்கூடாது" என்று சொல்லி, உன் கறுப்புக் கம்பளித் தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட்டதும் நான்தான். கண் மட்டும் தெரிந்தது. நீ சிணுங்கினாய்.

அவர் கட்டிடத்துக்குப் பின்னால், பனியை அள்ளிக் குவித்திருந்த ஒடுங்கிய பாதையில் போய்க்கொண்டிருந்தார். நீ கூப்பிட்டாயாம், காற்றில் கேட்கவில்லை. ஓடினாய். ஓடிவருகிற காலடி மட்டும் அவருக்குக் கேட்டது. பதினாறு வயதுப் பிள்ளைதானே, பகிடிக்கு அவருடைய தோளில் கையைப் போட்டு இழுத்தாய். அடிவிழுந்த அதே தோள். அவர் திரும்பினார். கறுப்புத் தொப்பி, இரண்டு கண்கள். பொக்கற்றுக்குள் இருந்த கை உன் வயிற்றுக்கு நேரே நிமிர்ந்தது. தம்பி, அவர் விசையை அமத்தினார்.

உள்ளே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்ததாம். அவருடைய கைக்குத்தான் அது தெரிந்தது. உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ தொப்பியை மேலே தூக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு, "அப்பா, சாப்பாட்டை விட்டிட்டு வந்திட்டீங்கள்!" என்றாய். அதன்பிறகு நடந்தது உனக்கே தெரியும். அவர் பொத்தென்று பனியில் குந்திவிட்டார். வழுக்கிவிட்டது என்று நினைத்து நீ தூக்கப்போனாய். இடக்கையால் உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதுவரை உன்மேல் ஒரு பூவைக்கூட எறியாத மனிதர். பிறகு உன்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நீ அழுதுகொண்டு மேலே ஓடிவந்து, "அம்மா, அப்பாவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றாய். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததற்கு அடியா என்று உனக்குள் ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் அறைந்தது உனக்கல்ல. அப்போது யாருக்காவது அடிக்காவிட்டால் அவருக்கு மூச்சே நின்றிருக்கும்.

அவர் அன்று கடைக்குப் போகவில்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிய இரண்டு பேரும் அந்தப் பிஸ்டலைப் பார்த்தோம். சன்னம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு அவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மெழுகு மாதிரி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நான் விரலால் வழித்து மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். தோய்ந்த ஈரத் தலையோடு பனியில் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவள், ஒவ்வொரு பனிக்காலமும் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து இளக்குகிறவள், இதை மட்டும் யோசிக்கவில்லை. தொழிற்சாலை வாசலிலும் தெருவிலும் குளிர்ந்து குளிர்ந்து, மூலையில் கிடந்த மாவோடு சேர்ந்து, எண்ணெய் உறைந்து, சன்னத்தில் அடிக்கிற ஊசியைப் பிடித்துவைத்திருந்தது. அரிசிமாவும் தேங்காயும் சேர்ந்தால் என்ன வரும் என்று யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை, அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாது. நீ மற்ற அறையில் கதவை அடித்துச் சாத்தினது கேட்டது. அந்தக் கதவுச் சத்தம் எவ்வளவு இனித்தது தெரியுமா? கோபத்தில் கதவை அடிக்க என் பிள்ளை இருக்கிறான். வேறு என்ன வேண்டும்?

அதை வாவிக்குள் எறியலாம் என்று அப்பா சொன்னார். நான் விடவில்லை. யாருடைய பிள்ளையாவது எடுத்துவிடும் என்றேன். ஒரு தமிழ்ச் சட்டத்தரணியைப் பிடித்து, அவர் மூலமாகப் பொலிசில் ஒப்படைத்தோம். அங்கே நடந்த கூத்தை அவர் பிறகு சொல்லிச் சிரித்தார். பொலிஸ்காரர் சன்னப் பெட்டியைக் கழற்றியதும் மேசையில் வெள்ளைத்தூள் கொட்டியதாம். பிஸ்டலோடு வெள்ளைத்தூள் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? சட்டத்தரணி வியர்த்து வழிந்துகொண்டு, அது அரிசிமா, எங்கள் ஆட்கள் ஆவியில் அவித்துச் சாப்பிடுகிறது என்று புட்டு அவிக்கிற விதம் முழுவதையும் விளக்கினாராம். பல மாதம் நாங்கள் கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் செத்துப் பிழைத்தோம். கடைசியில் வழக்கில்லை என்று தகவல் வந்த அன்று அப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார், உன்னுடைய பெயருக்கு. பிஸ்டல் பழுது என்று கேள்விப்பட்டு ரெக்ஸ்டேல் அண்ணை ஒருநாள் வந்து, "தம்பி, நான் வேற நல்ல ஒண்டு மாத்தித் தாறன்" என்றார். அப்பா எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். "அண்ணை, நீங்கள் எனக்குப் பழுது சாமான் தந்ததுக்கு நான் சாகுமட்டும் உங்களைக் கும்பிடுவன். இனி இந்தப் பக்கம் வராதேங்கோ." அந்த மனிதனுக்கு இன்றுவரை அது வாழ்த்தா திட்டா என்று விளங்கியிருக்காது.

உனக்கு அறை விழுந்ததற்கு மறுநாள் அப்பா உனக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்கி வந்தாரே, பள்ளிக்கூட பஸ் நிறத்தில். "இதை ஆர் போடுவினம்?" என்று நீ அலறினாய். உன்னை எல்லோர் முன்னிலும் கோமாளியாக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாய். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் இது என் பிள்ளை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதனுடைய எண்ணம். நீ வரும்போதெல்லாம் பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், தொப்பியைக் கழற்றும்வரை உள்ளே வரமாட்டார். வேவு பார்க்கிறார் என்று நீ சொன்னாய். பார்த்துப் பார்த்து நிம்மதிப்பட்டார் தம்பி.

நீ வாங்கப்போவது நாலாம் கை அல்ல, புதியது, நல்லது, லைசென்சோடு. எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். அது சிக்காது, உறையாது. நீ அமத்தினால் வெடிக்கும். நைட் ஷிப்டிலிருந்து நீ முந்தி வந்து, வீட்டுத் திறப்பை மறந்து, மருமகள் கையில் அது இருக்கும்போது பின்கதவைத் தட்டுகிற ஒரு நாள் வரும். மருமகளுக்குப் பசித்து விளக்குப் போடாமல் படியிறங்குகிற ஒரு நாள் வரும். வரப்போகிற பிள்ளை வளர்ந்து, முகத்தை மூடிக்கொண்டு உன்னை வெருட்ட ஓடிவருகிற நாளும் வரும். பயம் முகத்தைப் பார்க்காது, தொப்பியைத்தான் பார்க்கும். கராஜுக்கு நல்ல பூட்டுப் போடு. பின்பக்கம் பெரிய விளக்குப் போடு. பிள்ளை பிறக்கும்வரை நீ நைட் ஷிப்டுக்குப் போகிற நாட்களில் நாங்கள் வந்து அங்கே படுக்கிறோம். அப்பா இப்போதே பையை அடுக்கிவிட்டார். உன் வீட்டுக் கதவடியில் வந்ததும் "நான்தான், அப்பா வாறன்" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்துவார், அயலுக்கு முன்னால் வெட்கப்படாதே. அவர் இந்த வீட்டுக்குள்ளும் அப்படித்தான் வருகிறார்.

நீ அவரோடு கதை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவேண்டாம், அவரும் கேட்கத் தெரியாதவர். ஹொக்கியைப் பற்றிக் கதை, போதும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இன்று காலை தலைக்கு வைக்கலாம் என்று தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். அடிவரை வெள்ளையாய் உறைந்து கிடந்தது. இளக்கச் சுடுதண்ணீர் வைத்தபோது அப்பா வந்து போத்தலை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணில் ஒற்றிவிட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு வருடமும் முதல் குளிருக்கு இதுதான் நடக்கிறது.

"இண்டைக்கு ஒரு நாள் உறைஞ்சபடியே கிடக்கட்டும்" என்றார்.

அம்மா